கொடிக்கம்பத்தடி ஈரம்

முனீஸுக்குப் பயம் வந்தால் வாய் ஓடும். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ‘மகுடா ராயல் நிட்ஸ்’ கம்பெனியின் இரும்புக் கேட் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டதிலிருந்து அது நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

“யக்கா, உள்ள போன மனுசன் வெளிய வரலைன்னு தேடித்தான வந்திருக்கோம்? இப்ப நாமளும் உள்ள. நம்மளத் தேடி எவன் வருவான்? எனக்கு ஊர்ல ஒச்சம்மா அத்தை ஒண்ணுதான். அதுக்குத் திருப்பூர் எந்தத் திசைன்னே தெரியாது.”

“சித்தெ சும்மா இரு கண்ணு,” என்றாள் மருதாள். “அவார்டு குடுக்க வந்தவன் மாதிரி நட.”

“அவன் எப்படி நடப்பான்?”

“வாங்கறவனை விடக் கொஞ்சம் பெருமையா.”

மருதாள், காதர்பேட்டையில் ஒரு பனியன் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் வைத்திருப்பவள். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பையன் குடிப்பானா, எங்கே குடிப்பான், யார் செலவில் குடிப்பான் என்பதோடு அவளுடைய துப்பறியும் கலை முடிந்துவிடும். முனீஸ் அவளுடைய ஒரே உதவியாளன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து தையல் வேலைக்கு வந்து, மெஷினைவிட வாய் வேகமாக ஓடுகிறது என்று மூன்று கம்பெனிகளில் துரத்தப்பட்டவன்.

முந்தைய நாள் அந்த மாடிப்படியில் ஆஷா என்ற பெண் ஏறி வந்தாள். அவள் கணவன் சரவணக்குமார், கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். எக்ஸ்போர்ட் முதலாளி மகுடேஸ்வரன், தன் முன்னோர்கள் ஆண்டதாகச் சொல்லிக்கொள்ளும் எருக்கங்காட்டு வலசு என்ற ஊரின் சரித்திரத்தை எழுத அவனை அமர்த்தியிருந்தார். இன்று எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர் அது. போன வெள்ளிக்கிழமை சரவணக்குமார் மனைவிக்குப் போன் செய்தான். “ஊரு கெடச்சிருச்சு ஆஷா. நான் இப்ப அதுக்குள்ளதான் நிக்கிறேன்,” என்றான். யாரோ தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. போன் செத்தது. அதன்பிறகு ஆளும் இல்லை, குரலும் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு, அங்கே உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் இங்கே வந்திருந்தாள்.

“உசுரோட இருக்காரான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க அக்கா,” என்று கேட்டாள்.

மகுடேஸ்வரனைப் பார்க்க வெளிநாட்டு வியாபாரிகளே மாதக் கணக்கில் காத்திருப்பார்கள். மருதாள் காத்திருக்கவில்லை. ‘கொங்கு மண்ணின் மாமணி’ என்று ஒரு விருதை அந்த நிமிடமே பெற்றெடுத்து, அதை அவருக்கே கொடுப்பதாக வாட்ஸப்பில் சேதி அனுப்பினாள். ஒரு டீ ஆறுவதற்குள் கேட் திறந்துவிட்டது.

வண்டி நிறுத்தும் கொட்டகையைக் கடக்கும்போது முனீஸின் கண் ஓரத்தில் ஒதுக்கியிருந்த ஒரு ஸ்கூட்டர் மேல் விழுந்தது. மேலே கழிவுத் துணி போர்த்தியிருந்தது. காற்றில் துணி ஒருபக்கம் தூக்க, உடைந்த கால்மிதியை நீல நூலால் சுற்றிக் கட்டியிருப்பது தெரிந்தது. “அவரு வண்டியில கால்மிதி ஒடஞ்சிருச்சு, நான்தான் நீல நூல் போட்டுக் கட்டுனேன்,” என்று ஆஷா சொன்னது காதில் விழுந்த மாதிரி இருந்தது. முனீஸ் துணியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பார்த்தான்.

“எட்டிப் பாத்துட்டீரோ தம்பி?”

பின்னால் செக்யூரிட்டி நின்றிருந்தார். சட்டையில் ‘சுடலை’ என்று பெயர்ப் பட்டை.

“அண்ணாச்சிக்கு எந்த ஊரு? நாங்குநேரிப் பக்கமா? நமக்கும் தெக்குத்தான்,” என்று முனீஸ் இளித்தான்.

“பாத்ததை இங்கனயே போட்டுட்டுப் போயிரும். இந்தக் கம்பெனியில பொம்பளையாளுக பொல்லாதவங்க.”

“மொதலாளிய விடவா?”

“மொதலாளி சத்தம் போடுவாரு. அவ்வளவுதான்.”

சொல்லிவிட்டு சுடலை துணியை இழுத்து வண்டியை மூடினார். பிணத்தை மூடுவது போல இருந்தது முனீஸுக்கு.

மகுடேஸ்வரனின் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. மூலையில் ஒரு ஏர்கலப்பை, மண்ணையே பார்த்திராத பளபளப்பில் வார்னிஷ் அடித்து நின்றது. சுவரில் முதலாளி தலைப்பாகையும் வாளுமாக ஆளுயரத்துக்குத் தொங்கினார். அவருக்குக் கீழே அவரே உட்கார்ந்திருந்தார். படத்தில் இருந்தவருக்குத் தொப்பை இல்லை.

“எங்க முப்பாட்டனாரு எருக்கங்காட்டு வலசுப் பாளையக்காரருங்க. வெள்ளைக் குதிரையிலதான் வருவாரு,” என்றார்.

“எங்கிருந்துங்க வருவாரு?” என்றாள் மருதாள் பயபக்தியோடு.

“அதைத்தான் சரவணக்குமாரை எழுதச் சொல்லியிருக்கனுங்க அம்மிணி.”

“அவரு இப்ப எங்கீங்க?”

“வலசுக்குத்தான் போயிருப்பாரு. அவிநாசிக்கு அந்தாண்ட, பொட்டல்காடு. அங்க நான் ஆர்ச் கட்டிட்டு இருக்கனுங்க. காலராவுல ஊரே அழிஞ்சு போச்சுன்னு எங்கப்பாரு சொல்லுவாரு.”

“அங்க கெணறு இருக்குதுங்களா?”

“கெணறெல்லாம் இல்லீங்க. ஆர்ச்சுக்குப் பக்கத்துல ஃபவுண்டன் வெக்கறமுங்க.”

மருதாள் மெல்லத் தலையாட்டினாள். கிணறு இல்லாத ஊரைப் பாளையக்காரர் எப்படி ஆண்டிருப்பார் என்று முனீஸுக்குள் ஒரு கேள்வி எழுந்தது. ஸ்கூட்டர் நினைவு வந்து அதை விழுங்கிக்கொண்டான்.

முதலாளி அதற்குள் மேசைமேல் இருந்த ஒரு போட்டோவைத் திருப்பிக் காட்டினார். கம்பெனிக் கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பெண் தொழிலாளிகள். இடுப்பில் குடம். கம்பத்தின் அடியில் ஒருத்தி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“பாருங்க! வருசாவருசம் சித்திரையானா நம்ம லேபர் கம்பெனிக் கொடிக்கு அபிஷேகம் பண்றாங்க. போன வருசம் ஜெர்மன்காரரு பாத்துப்போட்டு, உலகத்துலயே இப்பேர்ப்பட்ட விசுவாசம் பாத்ததில்லைன்னு அழுதே போட்டாருங்க.”

மருதாள் போட்டோவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கொடிக்கம்பத்தை வாசல்ல நடாம, சைக்கிள் ஸ்டாண்டுகிட்ட நட்டிருக்கீங்களே?”

“வாஸ்துங்க. எங்கூட்டுக்காரி ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டியாந்தா. அந்த எடத்தை விட்டு ஒரு அடி நகரக்கூடாதுன்னுட்டாரு. அவ நெம்பப் பக்தி. ஊடும் இந்தக் காம்பவுண்டுக்குள்ளதான். கலியாணமானதிலிருந்து ஒரு நாள் வெளியூர்ல ராத்தங்குனதில்லீங்க. பாரிஸுக்குக் கூப்புட்டேன். வரலைன்னுட்டா. புருசன் மேல அத்தனை பதிபக்தி!”

அப்போதுதான் அந்தப் பதிபக்தி மோர்த் தட்டோடு உள்ளே வந்தது. ரங்காத்தாள் அம்மாளுக்கு அறுபது இருக்கும். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தங்க வளையல். மருதாள் டம்ளரை எடுக்கும்போது முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையையே பார்த்தாள்.

“வெளிநாட்டு பையர்களோட கோயமுத்தூர்ல லஞ்ச் இருக்குதுங்க. நீங்க கம்பெனியச் சுத்திப் பாருங்க,” என்று முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார்.

கொடிக்கம்பம் உச்சிவெயிலில் நின்றது. தண்ணீரை லாரியில் விலைக்கு வாங்கும் கம்பெனி. ஆனால் கம்பத்தடி மட்டும் சேறாக இருந்தது. சேற்றில் வேப்பிலை மிதிபட்டுக் கிடந்தது, மஞ்சள் ஓடியிருந்தது.

மருதாள் குந்தி உட்கார்ந்து ஈரத்தைத் தொட்டாள்.

“முனீசு, உங்கூர்ல கொடிக்கு மஞ்சத்தண்ணி ஊத்துவாங்களா?”

“எங்கூர்ல கொடியப் பாத்தா ரெண்டு கட்சிக்காரய்ங்க கல்லெறிவாய்ங்க.”

“எங்க பக்கம் மாரியாத்தா நோம்பிக்குக் கோயில் முன்னால முக்கவர் விட்ட மரத்தை வெட்டியாந்து நடுவாங்க. கம்பம்னு பேரு. நட்டதிலிருந்து ஊர்ப் பொம்பளைக தெனமும் அதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்தோணும். அதைப் புடுங்கி ஆத்துல விடற நாள் வரைக்கும் காப்புக் கட்டுனவங்க ஆரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. இவங்க ஊத்தறது கம்பெனிக் கொடிக்கு இல்ல கண்ணு. கம்பத்துக்கு. கோயில் போச்சு, கெணறு போச்சு, கம்பம் நட்ட குழி மட்டும் நிக்குது. வலசு பொட்டல்காட்டுல இல்ல. நாம நிக்கறதுதான் வலசு.”

முனீஸ் தன் காலுக்கடியில் பார்த்தான். ஒரு ஊரின் மேல் செருப்புப் போட்டு நிற்கிறோம் என்று தோன்றியதும் ஒரு காலைத் தூக்கினான். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“அப்ப சரவணக்குமாரு...”

“அவரும் இங்க நின்னுதான் போன் பண்ணியிருக்காரு. தண்ணி ஊத்தற சத்தம் ஆஷாவுக்குக் கேட்டுதுல்ல.”

“ஊரை அழிச்சு அதுமேல கம்பெனி கட்டுனதை வாத்தியாரு கண்டுபிடிச்சிட்டாரு. மொதலாளி போட்டுத் தள்ளிட்டான். யக்கா, கேட்டு தொறந்திருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேன். ஓடல, சும்மா பாக்கத்தான்...”

அப்போது மெஷின் சத்தம் நின்றது.

நெருப்பெரிச்சலில் அந்தச் சத்தம் காற்று மாதிரி. இருக்கும்போது யாருக்கும் கேட்காது, நின்றால்தான் கேட்கும். முதலில் நிட்டிங் ஷெட் அடங்கியது, பிறகு தையல் ஷெட். கதவுகள் திறந்தன. நீல மேலங்கியும் தலைமூடியுமாகப் பெண்கள் வெளியே வந்தார்கள். இருபது பேர், முப்பது பேர். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஆளுக்கொரு குடம். சிலர் கையில் கடப்பாரை. வந்து, இருவரையும் நடுவில் விட்டு வட்டமாக நின்றார்கள். சுடலை உள்ளிருந்து கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.

முனீஸ் மருதாளின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். எப்போது பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது.

வட்டம் விலகி வழிவிட்டது. ரங்காத்தாள் அம்மாள் வந்தாள். வளையல்களை முழங்கைக்கு மேல் தள்ளியிருந்தாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கு.

“மோர் குடுக்கறப்பவே பாத்துப்போட்டீங்க, இல்லீங்க அம்மிணி?”

“அத்தனை தங்கத்துக்கு நடுவுல அது மட்டுந்தானுங்க பழசு,” என்றாள் மருதாள். “சரவணக்குமாரை எங்க வெச்சிருக்கீங்க?”

முனீஸுக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நேரம் அவன் பயந்தது தப்பான ஆளைப் பார்த்து. தட்டில் மோர் கொண்டு வந்தவள் பக்கம் அவன் திரும்பியே பார்க்கவில்லை. அந்த மோரை ஒரு சொட்டு விடாமல் குடித்தது வேறு ஞாபகம் வந்தது.

“யக்கா, மோரு...”

“உப்புத்தான் கண்ணு கொஞ்சம் தூக்கல்,” என்றாள் ரங்காத்தாள், முகம் மாறாமல்.

ரங்காத்தாள் அவர்களைக் கூட்டிப் போன சாம்பிள் ரூமின் கதவு தாழிடாமல்தான் இருந்தது. உள்ளே மஞ்சள் வேட்டியில், தாடி முளைத்த முகத்தோடு ஒருவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் கையிலும் காப்பு. ஆட்களைப் பார்த்ததும் சுவரோடு ஒண்டினான்.

“ஆஷா அனுப்புனா,” என்றாள் மருதாள்.

சரவணக்குமாரின் முகம் உடைந்தது. “அழறாளாங்க?”

“பின்ன சிரிப்பாளாங்க?” மருதாள் ரங்காத்தாளிடம் திரும்பினாள். குரல் உயரவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த மரியாதையே முனீஸைப் பயமுறுத்தியது. “உங்க நோம்பி பெருசுதானுங்க. அதுக்காக ஒருத்தியோட புருசனை மறைச்சு வெக்கலாமுங்களா?”

ரங்காத்தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“அந்த வருசம் மழையே இல்லீங்க. வலசுல கம்பம் நட்டாச்சு. சனம் ஊரை விட்டு நகராதுன்னு தெரிஞ்சு, அந்த வாரமாப் பாத்து என்ற மாமனாரு ஊர்க்கெணத்துல முள்ளை வெட்டிப் போட்டு மூடுனாரு. சுத்தியும் அவரு கெணறுதான். கம்பம் காஞ்சா குத்தம், ஊரை உட்டுப் போனாலும் குத்தம். ஒரு கொடம் தண்ணிக்கு நெலப் பத்திரத்துல ஒரு கைநாட்டுன்னாரு. ஊரே பெருவிரலை நீட்டுச்சுங்க. கடேசி கைநாட்டு எங்கய்யனுது. நெலத்தோட என்னையும் சேத்திக் கட்டிக் குடுத்துட்டாரு. பூசாரி கம்பத்தடியிலயே விழுந்து செத்தாரு. சனம் செதறிப்போச்சு. பூசாரி குடும்பம் மொதல்ல கை வெச்சாத்தான் கம்பத்தைப் புடுங்கலாம், அதுக்கு ஆளில்ல. புடுங்காத கம்பம் நிக்குதுன்னுதானுங்க அர்த்தம். எங்களுக்கு அந்த நோம்பி இன்னும் முடியல.”

“அதனாலதான் ஒரு ராத்திரி கூட...” என்றாள் மருதாள்.

“இவளுக எல்லாம் அந்தச் சனத்தோட புள்ளைக, மருமகளுக. தேடிப் புடிச்சு வேலைக்குச் சேத்தேன். மரம் மக்குன குழியிலயே கொடிக்கம்பத்தை நட வெக்க, வாஸ்துக்காரனை அப்படிச் சொல்லச் சொன்னதும் நான்தான். அவரு அப்ப வெளியூர்ல படிச்சிட்டு இருந்தாரு, ஒண்ணும் தெரியாதுங்க. ஊட்ல ஆளுயரத்துக்குப் பூர்வீகம் மாட்டியிருக்காரு. நீ பொறந்தது எந்த ஊருன்னு என்னை ஒரு நாள் கேட்டதில்ல.”

“பூசாரி எங்க அம்மாவோட அப்பாங்க,” என்றான் சரவணக்குமார். “என்ற அப்புச்சி. இவங்க சொல்லித்தான் தெரியும். தெரிஞ்சதும், உடனே முதலாளிகிட்டச் சொல்லணும், புத்தகத்துல போடணும்னு குதிச்சேன். போனைப் புடுங்கிட்டாங்க. மொத நாள் கதவைப் பூட்டுனாங்க. அடுத்த நாள் காப்பைக் கட்டிப்போட்டு, கதவைத் தெறந்தே விட்டுட்டாங்க. கம்பம் புடுங்கற வரைக்கும் போகக்கூடாதேன்னு நான்தான் போகல. முதலாளி வெளிய போகட்டும்னு காத்திருந்தோம்.”

“இவரு கையில போன் இருந்தா பொழுது சாயறதுக்குள்ள ஃபேஸ்புக்குல போட்டிருப்பாருங்க,” என்றாள் ரங்காத்தாள். “போட்டிருந்தா அன்னைக்கே இந்தக் குழிக்கு மேல கான்கிரீட் ஊத்தியிருப்பாங்க. அந்தப் புள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லி விட்டிருக்கோணும். பயந்துட்டேன் அம்மிணி. நாப்பது வருசத்துக்கு மேல பயந்தே பழக்கமாயிருச்சு.”

மருதாள் போனை எடுத்தாள். “ஆஷா கண்ணு, உசுரோட இருக்காரு. கம்பெனி கேட்டுக்கு வந்துரு.” பிறகு சரவணக்குமாரிடம், “எந்திரிங்க. புடுங்கிப்போட்டுப் போலாம்.”

கம்பத்தைச் சுற்றிச் சிமென்ட் போட ரங்காத்தாள் விட்டதே இல்லை. கல்லும் மண்ணும் மட்டும் இறுக்கியிருந்தது. பெண்கள் கடப்பாரையால் கல்லைப் பெயர்த்தார்கள். சரவணக்குமார் முதலில் கும்பிட்டுத் தொட்டான். பிறகு எல்லோரும் பிடித்தார்கள். கம்பம் ஆடியது, சாய்ந்தது, பாதியில் சிக்கி நின்றது. முனீஸும் பிடித்தான். அசையவில்லை.

கேட்டுக்கு வெளியே ஹாரன் அடித்தது.

அந்த ஹாரன் எல்லோருக்கும் தெரிந்த ஹாரன். சுடலை ஒருமுறை ரங்காத்தாளைப் பார்த்தார். வேறு வழியில்லை, திறந்தார். காரிலிருந்து மகுடேஸ்வரன் இறங்கி ஓடிவந்தார். பாதி வழியில் ஒரு பயங்கரமான உண்மை அவர் நினைவுக்கு வந்திருந்தது: விருதுக்காரர்கள் பொன்னாடை போர்த்தவே இல்லை, போட்டோவும் எடுக்கவில்லை.

சாய்ந்த கொடிக்கம்பத்தைப் பார்த்து நின்றார். முகம் கறுத்தது.

“என்ன பண்றீங்க இங்க? ஆரு கொடியைத் தோண்டச் சொன்னது? சரவணக்குமாரு, நீ எங்கய்யா இங்க?”

ரங்காத்தாளின் உதடு வெளுத்தது. பெண்கள் கம்பத்தைப் பிடித்தபடியே நின்றார்கள். விட்டால் விழும், பிடித்திருந்தால் வேலை போகும். சரவணக்குமாரின் பிடி நழுவ, கம்பம் திரும்பவும் குழிக்குள் இறங்கத் தொடங்கியது. மருதாள்கூட ஒரு கணம் தடுமாறினாள்.

முனீஸுக்கு அதுவரை வந்த பயமெல்லாம் சில்லறை என்று தெரிந்தது. மொத்தமாக இப்போதுதான் வந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

“கெடுத்துட்டீகளே அய்யா! சர்ப்ரைஸா வெச்சிருந்தோம்!”

“என்னது?”

“உங்க சிலைங்கய்யா. மாமணி விருதோட சேத்துக் கமிட்டி வைக்கிறது. வெங்கலம். குதிரை மேல நீங்க. இந்தக் கம்பம் இருக்க எடம்தான் ராசியான எடம்னு வாஸ்து சொல்லுது. லேபரே தன் கையால குழி தோண்டுவோம்னு அடம் புடிக்கிறாக. இந்தா, வரலாற்று ஆசிரியரு விரதமே இருக்காரு பாருங்க. ஆனா பாருங்க, கம்பம் வர மாட்டேங்குது. அரச வம்சத்துக் கை பட்டாத்தான் வருமாம்.”

மகுடேஸ்வரன் மூச்சை இழுத்தார். மஞ்சள் வேட்டியைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் முப்பது பெண்களைப் பார்த்தார். கண் கலங்கியது.

“தள்ளுங்க,” என்றார்.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கம்பத்தைக் கட்டிப் பிடித்தார். கிணற்றை மூடியவரின் மகன், பல்லைக் கடித்து, முகம் சிவக்க, முழு மனதோடு இழுத்தார். மண் விட்டது. கம்பம் பொலக்கென்று மேலே வந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். அப்படி ஒரு குலவையை முனீஸ் கேட்டதில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. பாதி அழுகையாகவும் இருந்தது அது. மகுடேஸ்வரன் நாலு பக்கமும் திரும்பிக் கைகூப்பி அதை ஏற்றுக்கொண்டார். ரங்காத்தாள் கணவனைப் பார்க்கவில்லை. பெண்கள் அவரவர் காப்பை அவிழ்க்க, தன்னுடையதையும் அவிழ்த்துவிட்டு, சரவணக்குமாரின் கையைப் பிடித்து அவன் காப்பை அவிழ்த்தாள்.

“ஊட்டுக்குப் போங்க சாமி. அந்தப் புள்ளை காலை வேணுமுன்னாலும் நான் வந்து புடிக்கறேன்.”

“குதிரை எந்தப் பக்கம் பாத்துங்க நிக்கும்?” என்று முதலாளி குழிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஓடு,” என்றாள் மருதாள் பல்லிடுக்கில்.

கேட்டில் ஆஷா நின்றிருந்தாள். கணவனைத் தலையிலிருந்து கால் வரை தொட்டுப் பார்த்தாள். முழுசாக இருக்கிறான் என்று உறுதியானதும் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகுதான் அழுதாள்.

“ஊரு கெடச்சிருச்சு, அதுக்குள்ள நிக்கிறேன்னீங்களே. எங்க அந்த ஊரு? காட்டுங்க பாக்கலாம்!”

சரவணக்குமார் உள்ளே கை காட்டவில்லை. கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, காப்பில்லாத கையோடு, ஒருத்தி பின் ஒருத்தியாக அந்தப் பெண்கள் கேட்டைத் தாண்டி ஆற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள்.

“அதா,” என்றான். “போகுது பாரு.”